மாதத்தில் எந்த நாட்கள் திரும்பக் கிடைக்க வேண்டும்?

"கர்ப்பப்பைய எடுத்துப் போட்டா இந்தக் கரைச்சல் முடிஞ்சிரும்தானே மச்சாள்?"

மட்டக்களப்புப் படுவான்கரையில் இருக்கிற மச்சாள் ஒருத்தி போனில் இப்படிக் கேட்டாள். நாற்பது கடந்தவள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். மாதவிடாய் வந்தால் எட்டு ஒன்பது நாளாகியும் நிற்பதில்லை. முதல் மூன்று நாளும் மணித்தியாலத்துக்கு ஒரு பேட். இரவில் பாய்க்கு மேல் பழைய சாரத்தை மடித்துப் போட்டுத்தான் படுக்கை. "உனக்கு ரத்தம் முழுசா நிக்கணுமா, குறைஞ்சாப் போதுமா கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "குறைக்கவும் ஏலுமா? ஒரு வழிதான் இருக்கெண்டு நினைச்சன்" என்றாள்.

நான் டொக்டர் இல்லை. உயிரியல் படிப்பித்தவள். சொந்தக்காரப் பெண்கள் இப்படியான கேள்விகளை என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அவளுக்குப் பதில் சொல்வதற்காக வாசிக்கத் தொடங்கினேன். அதிக உதிரப்போக்குக்கு வெட்டாமல், அல்லது கொஞ்சமாக வெட்டிச் செய்கிற சிகிச்சைகளில் பெண்களுக்கு எவ்வளவு திருப்தி என்று உலகம் முழுக்க நிறையக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். வாசிக்க வாசிக்க ஒன்று எனக்கு உறுதியாகிக்கொண்டே வந்தது. திருப்தி சிகிச்சைக்குப் பிறகு வருகிற ஒன்று மட்டும் அல்ல. அந்தப் பெண்ணுக்கு எது திரும்பக் கிடைக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டார்களா என்பதில் அதன் பாதி தீர்ந்துவிடுகிறது.

எவ்வளவு போனால் அதிகம்? சுவீடனின் கோதன்பேர்க் நகரத்தில் ஹால்பேர்க் குழுவினர் 1966இல் வெளியிட்ட ஆய்விலிருந்துதான் ஒரு மாதவிடாய்க்கு 80 மில்லிலீற்றர் என்ற எல்லை வந்தது. வீட்டில் யார் அளந்து பார்ப்பது? அதனால்தான் பிரித்தானியாவின் நைஸ் வழிகாட்டி 2007இல் அளவுக்கணக்கை ஒதுக்கிவைத்தது. ஒரு பெண்ணின் உடலையும் மனதையும் வீட்டையும் வெளி வாழ்க்கையையும் கெடுக்கிற அளவுக்குப் போனால் அதுவே அதிகம் என்று சொல்லிவிட்டது. 2018இல் வந்த அடுத்த வழிகாட்டியும் அதையே வைத்திருக்கிறது. எனக்கு இது மிகப் பெரிய மாற்றமாகப் படுகிறது. அதிகமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் அந்தப் பெண்ணின் வாய்க்கு வந்திருக்கிறது.

ஆனால் எங்கள் பக்கம் அந்த வாய் லேசில் திறப்பதில்லை. "கெட்ட ரத்தம் போனால் நல்லதுதான்" என்பார்கள். "நாற்பது தாண்டினால் அப்படித்தான், நிற்கப்போகிற காலம்" என்பார்கள். நகமும் கண்ணிமையும் வெளிறி, கிணற்றடிக்கு நடந்தாலே மூச்சு வாங்குகிறவள், அரிசி களையும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டுக்கொள்கிறவள், அது ரத்தச்சோகையின் அடையாளம் என்று அறியாமலே வருடங்களைக் கடத்திவிடுகிறாள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இறங்கினால் ரத்தச்சோகை. 7, 8 என்று இறங்கிய பிறகுதான் பலர் வாட்டுக்கு வருகிறார்கள். இரும்புச்சத்துக் குளிசையைப் பிளேன் டீயோடு விழுங்குகிற பழக்கமும் இருக்கிறது. தேயிலை இரும்பை உடம்பில் ஏறவிடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு குடித்துவிட்டு, தேநீருக்கு ஒரு மணித்தியாலமாவது பொறுப்பது நல்லது.

இன்னொன்று காசு. 2018இல்கூட இலங்கையில் இறக்குமதிப் பேட்டுகளுக்கு எல்லா வரியும் சேர்ந்து 100 வீதத்துக்கு மேல் இருந்தது. அந்த வருடம் குறைத்தார்கள். பிறகு 2022 நெருக்கடியில் எல்லாமே விலையேறியது. மணித்தியாலத்துக்கு ஒரு பேட் மாற்றுகிற பெண்ணுக்கு அது அரிசி வாங்குகிற காசு. அதனால் துணிதான். துணி என்றால் துவைக்க வேண்டும், யார் கண்ணிலும் படாமல் காயப்போட வேண்டும்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரையையும் தெரிந்தவர்களுக்குத் தூரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்குப் பெரிய விடிவு. மண்டூர்ப் பெண் குருமண்வெளிக்குப் பாதை ஏறிக் கடந்து வருவாள். மாரியில் கிரான், புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்துக்குள் போனால் படகுதான். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கிளினிக் நாளில் விடிய வெளிக்கிட வேண்டும். உதிரப்போக்கு உள்ள நாளில் பஸ் இருக்கையில் உட்காரவே பயந்து கம்பியைப் பிடித்து நின்று வருகிற பெண்களை நான் அறிவேன். ஆக, அதிகமாகப் போகிற நாளில் வரமுடியாமல், நின்ற பிறகு வருகிறாள். அப்போது "இப்ப எப்பிடி?" என்று கேட்டால், "இப்பப் பரவாயில்ல" என்றுதான் சொல்வாள். கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். அதற்கு முதல் காரணம் தெரிய வேண்டும். கர்ப்பப்பையில் ஃபைப்ரோயிட் கட்டியா, உள்ளே தொங்குகிற பொலிப்பா, சுவருக்குள் திசு ஊடுருவிச் சுவர் தடித்துப்போகிற அடினோமயோசிஸா, தைரொயிட்டா, சிறு வயதிலிருந்தே ரத்தம் உறையாத குணமா, குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் போட்ட செப்பு லூப்பா? நாற்பத்தைந்தை நெருங்கியவர்களுக்கு உள்சவ்வில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டியும் வரும். புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்தாமல் எந்தச் சிகிச்சைக்கும் அவசரப்படக்கூடாது. ஸ்கேன் செய்யாமல், ரத்தம் சோதிக்காமல், நேரே ஒப்பரேஷன் திகதி என்றால் நின்று கேள்வி கேளுங்கள்.

முதற்படி குளிசைதான். ட்ரானெக்ஸமிக் அசிட்டை ரத்தம் போகிற நாட்களில் மட்டும் எடுத்தால் போதும், போகிற அளவு பாதிக்குக் கிட்டக் குறையலாம். காலில், நுரையீரலில் ரத்தம் கட்டிய சரித்திரம் உள்ளவர்கள் முதலிலேயே டொக்டரிடம் அதைச் சொல்லவேண்டும். இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் உதாகோ ஒகமோதோவும் கணவர் ஷோசுகேயும். ஆய்வு வெளிவந்தது 1962இல். பிள்ளை பெற்றபின் ரத்தம் போய்ச் சாகிற தாய்மாரைக் காப்பாற்றத்தான் உதாகோ அதைத் தேடினார். அது அந்த வேலையைச் செய்கிறது என்று பெரிய அளவில் நிரூபித்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. அவர் 2016இல் இறந்துபோனார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

அடுத்தது ஹோர்மோன் லூப். மிரேனா என்ற பெயரில் 1990இல் முதலில் பின்லாந்தில் வந்தது. பார்க்கச் செப்பு லூப் மாதிரி சின்ன 'டி' வடிவம், ஆனால் வேலை நேர் எதிர். செப்பு லூப் ரத்தத்தைக் கூட்டலாம். இது லெவோநோர்ஜெஸ்ட்ரெல் என்ற ஹோர்மோனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு உள்சவ்வை மெலியச் செய்து ரத்தத்தைக் குறைக்கிறது. வெட்டு இல்லை, தையல் இல்லை. போட்டுக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். கட்டி எதுவும் இல்லாத, அல்லது 3 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கட்டிகள் உள்ள பெண்களுக்கு நைஸ் வழிகாட்டி முதலில் சொல்வது இதைத்தான்.

இதில் திருப்தி எப்படி? பிரித்தானியாவில் 571 பெண்களை வைத்து எக்லிப்ஸ் என்ற ஆய்வு நடந்தது, 2013இல் முடிவு வெளியானது. ஒரு பாதிக்கு ஹோர்மோன் லூப், மற்றப் பாதிக்கு வழமையான குளிசைகள். பெண்களிடம் கேட்டது ஆறு விஷயம்: அன்றாடக் கஷ்டங்கள், வெளிப் பழக்கம், மனநிலை, உடல்நலம், வேலை, குடும்ப வாழ்வு. எல்லாம் பாழ் என்றால் 0, எந்தத் தொல்லையும் இல்லை என்றால் 100. ஆறு மாதத்தில் லூப் போட்டவர்களின் புள்ளி சராசரி 32.7 கூடியது, குளிசைக்காரருக்கு 21.4. இரண்டு வருடம் கழிந்த பிறகும் அதே சிகிச்சையில் இருந்தவர்கள் லூப்பில் 64 வீதம், குளிசையில் 38 வீதம். ஒரு பெண் ஒன்றை விடாமல் வைத்திருக்கிறாளா என்பதைத்தான் நான் அதிகம் நம்புவேன். வாயால் நன்றி சொல்வது வேறு.

இதைவிட என்னைப் பிடித்துவைத்தது பின்லாந்து ஆய்வு. 236 பெண்கள். சீட்டுப்போட்டுப் பிரித்ததுபோல ஒரு பகுதியினருக்கு ஹோர்மோன் லூப், மற்றப் பகுதியினருக்குக் கர்ப்பப்பை அகற்றல். ஐந்து வருடம் கழித்து 2004இல் வந்த முடிவைப் பாருங்கள். லூப் போட்டவர்களில் 42 வீதமானோர் கடைசியில் கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேண்டியிருந்தது. இதை மட்டும் வாசித்தால் லூப் தோற்றுவிட்டது என்று தோன்றும். ஆனால் திருப்தியைக் கேட்டபோது இரு பக்கமும் ஒன்று: 94 வீதம், 93 வீதம். செலவு லூப் பக்கம் மிகக் குறைவு. பாதிக்கு மேற்பட்டோர் ஒப்பரேஷன் மேசைக்கே போகாமல் தப்பினார்கள். மற்றவர்கள் முதலில் சின்ன வழியை முயன்று, சரிவராமல், பெரிய வழிக்குப் போனார்கள். அவர்களுக்கும் மனக்குறை இல்லை. முயன்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன் என்ற தெளிவு இருந்தால் ஒப்பரேஷனும் அந்தப் பெண்ணின் சொந்த முடிவாகிவிடும் என்றுதான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

உள்சவ்வைச் சுட்டழிக்கிற முறையும் உண்டு. யோனி வழியாகவே கருவியை நுழைத்து, சுடுநீர் பலூனாலோ ரேடியோ அலையாலோ செய்வது. சுடுகிற நேரம் நிமிடக் கணக்குத்தான், அன்றே வீடு. ஆனால் இனிப் பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கு மட்டும். அதற்குப் பிறகு கர்ப்பம் தரித்தால் ஆபத்து, ஆகவே குடும்பக் கட்டுப்பாடும் தொடர வேண்டும். இந்த முறையையும், வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுக் கர்ப்பப்பையின் கழுத்தை மட்டும் விட்டு மேற்பகுதியை எடுக்கிற லப்பரஸ்கோப்பி ஒப்பரேஷனையும் ஒப்பிட்டு 660 பிரித்தானியப் பெண்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள், 2019இல் வெளியானது. பதினைந்து மாதத்தில் திருப்தி: ஒப்பரேஷனுக்கு 97 வீதம், சுட்டழித்தலுக்கு 87 வீதம். சின்னச் சிகிச்சை என்றாலே கூடத் திருப்தி என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம். முற்றாக நின்றுவிட வேண்டும் என்று ஏங்குகிறவளுக்குக் குறைவது போதாது. ஆனால் ஒப்பரேஷனுக்குப் பிறகு வழமைக்குத் திரும்ப வாரங்கள் எடுக்கும். பெரும்போக அறுவடைக்கு வயலில் நிற்க வேண்டியவளுக்கு, தண்ணீர்க்குடம் தூக்க வேறு ஆள் இல்லாதவளுக்கு, அந்த வாரங்கள்தான் பெரிய கணக்கு. எங்கள் ஊரில் பெண் தாய்வீட்டை அண்டியே குடியிருப்பது இந்த இடத்தில் உண்மையான பலம். அம்மா, பெரியம்மா, அக்கா என்று வளவுக்குள்ளேயே கை இருக்கும். போரில் அந்தக் கைகளை இழந்துவிட்டுத் தனியே குடும்பம் நடத்துகிற பெண்ணிடம் "ஆறு கிழமை பாரம் தூக்காதீங்க" என்று சொன்னால், அவள் தலையாட்டிவிட்டு மறுநாளே தூக்குவாள்.

கட்டியோ பொலிப்போ உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் வயிற்றைத் தொடாமல் கெமரா வழி சீவி எடுக்கலாம். பெரிய ஃபைப்ரோயிட்டுகளுக்கு ரத்தக்குழாயை அடைத்துச் சுருங்கவைக்கிற முறையை 1995இல் பாரிஸில் ரவினா குழுவினர் வெளியிட்டார்கள். அதற்குத் தனித் தேர்ச்சி பெற்ற ரேடியோலஜிஸ்ட் வேண்டும்.

இனி எக்லிப்ஸ் ஆய்வின் அந்த ஆறு கேள்விக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் என் மனம் அதிலேயே நிற்கிறது. அவை நல்ல கேள்விகள். ஆனால் எங்கள் கரையில் கேட்டால் இன்னும் சில சேர்க்க வேண்டும்.

ஹோர்மோன் லூப் போட்டவுடன் மூன்று முதல் ஆறு மாதம் வரை பொட்டுப் பொட்டாகத் தீட்டுப்படுவது சாதாரணம். இங்கிலாந்துப் பெண்ணுக்கு அது ஒரு சின்ன அசௌகரியம், மெல்லிய பேட் ஒன்று போதும். காத்தான்குடியில் அல்லது ஏறாவூரில் இருக்கிற ஒரு முஸ்லிம் சகோதரிக்கு, இன்றைக்குத் தொழலாமா, நோன்பு பிடிக்கலாமா என்று ஒவ்வொரு நாளும் குழம்ப வைக்கிற விஷயம். எங்கள் பக்கத்தில் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், கதிர்காமத்துக்கு நடை. ஐந்து நாள் வெள்ளமாகப் போய் நின்றுவிட்டால் மிச்ச நாளில் கோயிலுக்குப் போகலாம். இருபது நாள் ஒரு துளி ஒரு துளியாகப் பட்டால் அவளுக்கு மாதம் முழுக்கத் துடக்கு. மருத்துவக் கணக்கில் ரத்தம் எண்பது வீதம் குறைந்திருக்கும், அவள் கணக்கில் கோயில் வாசல் அடைபட்டிருக்கும். துடக்குப் பார்ப்பது சரியா பிழையா என்று நான் இங்கே வாதாட வரவில்லை. அவள் வாழ்க்கையில் அது இருக்கிறது, ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். கேட்டால், சடங்கு முடிந்த பிறகு லூப்பைப் போடலாம், அடுத்த வருடச் சடங்குக்குள் பொட்டுப்படுவது பெரும்பாலும் அடங்கிவிடும் என்று திகதி பார்த்துச் சொல்லலாம். நோன்பு தொடங்கப் பல மாதங்களுக்கு முன்பே போட்டுவிடலாம்.

இன்னொரு கேள்வி: ரத்தம் வராமலே போனால் பயமா? ஹோர்மோன் லூப் போட்ட ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் மாதவிடாய் முற்றாக நின்றுவிடும். டொக்டருக்கு அது வெற்றி. 'கெட்ட ரத்தம்' என்று கேட்டு வளர்ந்தவளுக்கு அது உள்ளே தேங்கி நிற்கிற விஷம். சவ்வு மெலிந்துவிட்டதால் ரத்தம் உண்டாகவே இல்லை, எதுவும் தேங்கவில்லை என்ற ஒரு வாக்கியத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் பயப்பட மாட்டாள். சொல்லாவிட்டால் மாமி சொன்னாள் என்று லூப்பைக் கழற்றிவிட்டு, பழைய உதிரப்போக்கோடு திரும்பி வருவாள்.

எந்த மொழியில் சொன்னார்கள் என்பதும் முக்கியம். தமிழ் தெரியாத டொக்டர், அவசரத்தில் நடுவில் நின்று மொழிபெயர்க்கிற ஒருவர், திரைக்கு அப்பால் வரிசையில் நிற்கிற ஊர்ச்சனம். இப்படி ஓரிடத்தில் என் உறவுப்பெண் ஒருத்தி, "கட்டி" என்ற ஒரு சொல்லோடு வீட்டுக்கு வந்து, புற்றுநோய் என்று நினைத்து வாரக்கணக்கில் அழுதாள். அவளுக்கு இருந்தது சின்ன ஃபைப்ரோயிட். அந்த டொக்டர் கெட்டிக்காரர், அன்பானவரும்கூட. ஆனாலும் இரண்டு நிமிடம் தனியே அவள் மொழியில் பேச ஒரு மிஸ்ஸியை அங்கே வைத்திருக்க வேண்டும்.

திருப்தி என்ற சொல்லை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் சாட்சி. கரும்பு வெட்டப் போகிற பெண்கள் ஆயிரக்கணக்கில் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்ட செய்தி 2019இல் வெளியே வந்தது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அபராதம் கட்ட வேண்டியவளிடம், குளிசை உண்டு, லூப் உண்டு என்று சொன்னவர் யார்? அவளிடம் போய்க் கேட்டால், ரத்தம் நின்றது, திருப்தி என்று சொல்லக்கூடும். அந்த வீதத்தை எந்த அட்டவணையிலும் போட எனக்கு மனம் வராது.

எங்கள் நாட்டில் வைத்தியசாலைக் கதவு காசு கேட்காமல் திறந்திருக்கிறது என்பது சிறிய விஷயம் அல்ல. கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டும் என்றால்கூட எந்த வழியாக என்ற கேள்வி இருக்கிறது: வயிற்றை வெட்டியா, யோனி வழியாகவா, லப்பரஸ்கோப்பியா? மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையையும் ராகமவையும் சேர்த்து, இந்த மூன்று வழிகளிலும் செலவையும் பெண்களின் வாழ்க்கைத் தரத்தையும் ஒப்பிடுகிற ஆய்வை இலங்கை மருத்துவர்களே எடுத்துச் செய்திருக்கிறார்கள், அதன் திட்டம் 2017இல் வெளியானது. மன்னாரில் கேட்க முடிந்ததை மட்டக்களப்பிலும் கேட்கலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவிகள் யாராவது இதை வாசித்தால், படுவான்கரைக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்து, லூப் போட்ட பெண்களிடமும் ஒப்பரேஷன் செய்த பெண்களிடமும் ஒரு வருடம் கழித்துக் கேளுங்கள். கேள்விக்கொத்தை நீங்களே தமிழில் எழுதுங்கள்.

அதுவரை எங்கள் கையில் இருப்பது எம்.ஓ.எச். அலுவலகங்களின் வெல் வுமன் கிளினிக். 1996இலிருந்து நடக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் கூப்பிடுவார்கள். பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். அங்கே போகும்போது உதிரப்போக்கையும் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வீட்டுக்கு வருகிற மிட்வைஃபிடமும் சொல்லலாம். மூன்று மாதத்துக்குக் கலண்டரில் குறித்துக்கொண்டு போங்கள்: எத்தனை நாள், எந்த நாளில் எத்தனை பேட், கட்டி கட்டியாகப் போனதா, இரவில் எழும்ப வேண்டியிருந்ததா, எந்த நாள் வேலைக்கோ கோயிலுக்கோ பள்ளிக்கூடக் கூட்டத்துக்கோ போகவில்லை. பிறகு உங்களுக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குறைந்தால் போதுமா, நின்றே ஆகவேண்டுமா, இன்னும் பிள்ளை வேண்டுமா, எத்தனை நாள் படுக்க வீட்டில் வசதி இருக்கிறது. ஒப்பரேஷன் என்று சொன்னால், அதற்கு முதல் முயலக்கூடியது என்ன, எனக்கு அது ஏன் சரிவராது, சூலகங்களை விட்டுவைப்பீர்களா என்று கேளுங்கள். சூலகம் இருந்தால் ஹோர்மோன் ஒரே நாளில் நின்றுபோகாது.

மச்சாளுக்கு ஸ்கேனில் ஒரு சின்னக் கட்டிதான். ஹீமோகுளோபின் குறைவு, குளிசை குடிக்கிறாள். அவளுக்கு வேண்டியது இரண்டு என்று இப்போது தெளிவாகச் சொல்கிறாள்: இரவில் நித்திரை, மாசி மாதம் அறுவடையில் வயலில் நிற்பது. ரத்தம் முற்றாக நிற்க வேண்டும் என்பதில்லை. அடுத்த கிளினிக்கில் ஹோர்மோன் லூப்பைப் பற்றிக் கேட்கப் போகிறாள், கலண்டரும் கையில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் எந்தக் கலண்டருக்கும் காத்திருக்கவிடாதீர்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்த பிறகு ஒரு துளி பட்டாலும், அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ மாமிக்கோ, அந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள். "திரும்பச் சுகம் வந்திருக்கு" என்று அவர்கள் சிரித்தாலும் கூட்டிக்கொண்டு போங்கள்.